மூன்றாவது பாட்டில்

திருப்புல்லாணி,
6.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாகலெட்சுமி எழுதுவது. கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. ஒன்றரை வருடம் பேசாமல் இருந்துவிட்டு, இப்போது உன் கடையிலிருந்து தொட்டி மீன் வேண்டும் என்று எழுதுகிறேன். எனக்கே வெட்கமாகத்தான் இருக்கிறது.

எனக்கு ஆண் குழந்தை பிறந்து நாற்பத்தோரு நாள் ஆகிறது. யாராவது உன்னிடம் சொல்லியிருப்பார்கள். இன்னும் பெயர் வைக்கவில்லை, குட்டி என்றுதான் கூப்பிடுகிறோம். அம்மாவும் அய்யாவும் போன பிறகு எனக்குத் தாய்வீடு என்றால் உன் வீடுதான். தலைப்பிரசவத்துக்கு அங்கே வராமல் மாமனார் வீட்டிலேயே பெற்றுக்கொண்டேன். வலி எடுத்தபோது உன்னைத்தான் கூப்பிட்டேனாம். அத்தை சொன்னார்.

போனில் பேசலாமே என்பாய். பச்சைப்பிள்ளைக்குப் போன் கதிர் ஆகாது என்று மாமா என் போனை வாங்கி வைத்திருக்கிறார். சார்ஜாவிலிருந்து என் வீட்டுக்காரர் கூப்பிடும்போது மட்டும் கொண்டுவந்து தருவார், பேசி முடித்ததும் வாங்கிக்கொண்டு போய்விடுவார். கெட்ட மனிதர்கள் இல்லை அக்கா. பயம், அவ்வளவுதான்.

பயப்படக் காரணமும் இருக்கிறது. எதிர்வீட்டு ஜோதிகாவின் பெண்குழந்தை போன கார்த்திகையில் இறந்துபோனது. இரண்டரை மாதக் குழந்தை. காய்ச்சல் இல்லை, வயிற்றுப்போக்கு இல்லை. உதடு கருத்தது, பால் குடிக்காமல் துவண்டது, மறுநாள் இல்லை. அதைத் தூக்கிக்கொண்டு போனபோது நான், கல்யாணமாகி மூன்று மாதம்கூட ஆகாத புதுப்பெண், ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு வயிற்றில் இவன் வந்தான்.

மாமாவிடம் சோதிடர் ஒருவர் சொல்லியிருக்கிறார், "வீட்ல மீன் வளங்க, புள்ளைக்கு வர்ற கண்டத்த அது வாங்கிக்கிரும்" என்று. எட்டு தங்கமீன், ஒரு கறுப்பு மீன். மாமா இரண்டடித் தொட்டி வாங்கி ஈசானி மூலையில் வைத்தார். சந்தையில் வாங்கிவந்த ஒன்பதும் நாலே நாளில் செத்துவிட்டன. முதலில் போனது கறுப்பு. "பாத்தியா, நம்ம குட்டிக்கு வந்தத அது வாங்கிக்கிருச்சு" என்று அத்தைக்குச் சந்தோஷம். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. தொட்டி இப்போது காலியாக இருக்கிறது. இப்போது ஏதாவது வந்தால் யார் வாங்குவார்கள்?

இந்தக் கடிதத்தை மிளகாய் மூட்டை ஏற்றும் உக்கிரபாண்டி அண்ணனிடம் கொடுத்துவிடுகிறேன். மீனையும் அவர் வேனிலேயே அனுப்பு. பெட்டிமேல் உன் கடைப் பெயர் இருக்க வேண்டாம். மாமாவுக்குத் தெரிந்தால் தொட்டியையே தூக்கி வெளியே வைத்துவிடுவார்.

உன் தங்கை,
நாகு


ராமநாதபுரம்,
8.11.2024

நாகு,

கிழிக்கவில்லை. இரண்டு தடவை படித்தேன். மூன்றாம் தடவை படிக்கும்போது கடைக்கு ஆள் வந்துவிட்டது, முகத்தைத் துடைத்துக்கொண்டு புழு பாக்கெட் எடுத்துக் கொடுத்தேன்.

குழந்தை பிறந்த செய்தி எனக்கு எப்படித் தெரியும் தெரியுமா? உக்கிரபாண்டி கண்ணாடிக் குடுவை வாங்க வந்தபோது "உங்க தங்கச்சிக்குப் பையனாமே" என்றான். பெரியம்மா ஆன செய்தியை வேன்காரன் சொல்லித் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு அழுததை எழுதினால் காகிதம் போதாது. போகட்டும்.

இப்போது மீன். உன் ஒன்பது மீனும் கண்டத்தை வாங்கிக்கொண்டு சாகவில்லை. இரண்டடித் தொட்டியில் ஒன்பது தங்கமீன் என்பது, ஷேர் ஆட்டோவில் ஒன்பது பேரை ஏற்றிக் கண்ணாடியை அடைத்தது மாதிரி. புதுத் தொட்டித் தண்ணீர் பழகுவதற்கு மூன்று வாரமாவது ஆகும். அதற்குள் அவற்றின் கழிவே அவற்றைக் கொன்றுவிடும். இதில் உன் சோதிடருக்கு வேலையே இல்லை.

நான் ஆறு மோலி அனுப்புகிறேன். ஒன்று கறுப்பு, உன் மாமனாருக்குக் கறுப்பு வேண்டுமே. நம் கரையோரத் தண்ணீர் கடினத் தண்ணீர், கொஞ்சம் உப்பும் இருக்கும். நியான் டெட்ரா போன்ற மெல்லிய மீன்களுக்கு மழைத்தண்ணீர் மாதிரி மிருதுவாக வேண்டும், இங்கே போட்டால் ஒரு வாரம் தாங்காது. மோலிக்கு இந்த ஊர்த் தண்ணீர் பிறந்த வீடு. ஒன்றையொன்று கடிக்காது, வாலைக் கிழிக்காது. பையை அப்படியே தொட்டியில் மிதக்க விடு, பத்து நிமிடத்துக்கு ஒருதரம் ஒரு தம்ளர் தொட்டித் தண்ணீரைப் பையில் ஊற்று. ஒரு மணி நேரம் கழித்துத் திறந்து விடு. கூடவே ஒரு சின்னப் புட்டியில் நீல மருந்து இருக்கிறது, மெத்திலின் ப்ளூ. மீன்மேல் பஞ்சு மாதிரி வெள்ளை படிந்தால் மட்டும் இரண்டு சொட்டு விடலாம்.

நியான் டெட்ரா என்று எழுதும்போதே உன் நிச்சயதார்த்தம் ஞாபகத்துக்கு வருகிறது. சபை நடுவில் எழுந்து, "நியான் டெட்ராவ உப்புத்தண்ணியில விடுறோம், இது ஒத்துவராது" என்று நான்தான் சொன்னேன். உன் மாமனார் வீட்டுக்குள் போய் ஒரு சொம்பு நிறையக் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். "குடிச்சுப் பாத்துட்டுச் சொல்லு, உப்பா இனிப்பான்னு." நான் சொம்பைத் தள்ளினேன். தண்ணீர் முழுக்க அவர் வேட்டியில் கொட்டியது. மாப்பிள்ளை வருடத்தில் பதினோரு மாதம் வெளிநாட்டில் இருப்பாரே என்ற கவலையில் சொன்னேன். சொன்ன விதம் தப்பு. அதற்காக நீ என்னை வெளியே போகச் சொன்னாயே, அது மட்டும் சரியா?

கோகிலா


திருப்புல்லாணி,
13.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் உன்னைப் போகச் சொன்னது சரியில்லை. அதை எழுத ஐந்து நாள் ஆயிற்று.

மோலி ஆறும் போய்விட்டன. நீ சொன்னபடிதான் செய்தேன். பையை மிதக்கவிட்டு, தம்ளர் தம்ளராக ஊற்றி, மணி பார்த்துத் திறந்தேன். முதல் நாள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மூன்றாம் நாள் காலையில் ஆறும் அடியில் கிடந்தன. கறுப்புதான் கடைசி.

ஆனால் அக்கா, கோபப்படாமல் கேள். மீன் செத்த அன்று குட்டி நன்றாக இருந்தான். என் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். அதற்கு முந்தின இரண்டு நாளும் சரியில்லை. குளிப்பாட்டி எடுத்தால் உதட்டைச் சுற்றிக் கருநீலமாக ஒரு வளையம் தெரிகிறது. அத்தை குளிர் என்கிறார். பால் குடித்த பிறகு களைத்துத் தூங்கிவிடுகிறான். அந்த ஆறும் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும்? இந்தத் தடவை பன்னிரண்டு அனுப்பு. எந்த மீனாக இருந்தாலும் சரி.

தண்ணீரில் குறை இருக்க முடியாது. தெருவிலுள்ள போர்வெல் எல்லாம் உப்பு. குழாய்த் தண்ணீர் வாரத்துக்கு ஒருநாள் வந்தால் உண்டு. எங்கள் மிளகாய்க் காட்டுக் கிணறு ஒன்றுதான் இனிப்பு. எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் மாமா மொபெட்டில் இரண்டு குடம் கட்டிக்கொண்டு போய் வாசலில் இறக்கிவிட்டு வருவார். "பச்சப்புள்ள வீட்டுக்கு உப்புத்தண்ணி ஆகாதுத்தா" என்பார். யாரிடமும் ஒரு பைசா வாங்கியதில்லை. அந்தக் கிணற்றைத்தான் நீ அன்றைக்குத் தள்ளிவிட்டாய். அவர் கோபம் உனக்குப் புரியவேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

எனக்குப் பால் பற்றவில்லை. புட்டிப்பால்தான். நானும் அத்தையும் அதில் ரொம்பக் கவனம். கிணற்றுத் தண்ணீரைப் பித்தளைப் பாத்திரத்தில் ஊற்றி, பாதியாகச் சுண்டும்வரை கொதிக்கவைத்து, ஆறவைத்துத்தான் பால் மாவு கரைக்கிறோம். ஒரு கிருமி இருக்காது.

மீனை மறந்துவிடாதே.

நாகு


ராமநாதபுரம்,
15.11.2024

நாகு,

சாவதற்கென்று மீன் அனுப்பமாட்டேன். நான் விற்பது உயிர். தொட்டியில் மீன் இருக்கும் வரைதான் உனக்குத் தைரியம் என்றால், என் கடை மீன் அத்தனையையும் கொண்டுவந்து கொட்டினாலும் போதாது.

ஆனால் மோலி செத்தது எனக்குத் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. பதினோரு வருடமாக இந்தக் கடை வைத்திருக்கிறேன். மண்டபத்திலும் பாம்பனிலும் கடல் தண்ணீர் கலந்த போரில்கூட மோலி குட்டி போட்டுப் பெருகுகிறது. ஆறும் ஒரே மாதிரி, மூன்றே நாளில் போகிறது என்றால் அது மீனின் குற்றம் இல்லை, தொட்டி புதிது என்பதும் காரணமாகப் போதாது. மேலே வந்து வாயைத் திறந்து மூடின என்று எழுதியிருக்கிறாய். அது மூச்சு முட்டுவது. தண்ணீரில் காற்று இருந்தும் ரத்தம் அதை எடுத்துக்கொள்ளாதபோது மீன் அப்படித்தான் செய்யும்.

இரண்டு காரியம் செய். செத்ததில் ஒன்றாவது கிடந்தால் செவுளைத் தூக்கிப் பார். நல்ல மீனுக்கு ரத்தச் சிவப்பாக இருக்கும். என்ன நிறம் என்று எழுது. அடுத்து, சோடா பாட்டிலைக் கழுவி இரண்டு பாட்டில் தண்ணீர் அனுப்பு. ஒன்றில் தொட்டித் தண்ணீர், ஒன்றில் கிணற்றுத் தண்ணீர். மேலே எழுதி ஒட்டு. மீனுக்கான சோதனைப் பெட்டி என்னிடம் இருக்கிறது, பார்த்துவிடுகிறேன்.

உதடு கருப்பதைக் குளிர் என்று விட்டுவிடாதே. டாக்டரிடம் காட்டு.

கோகிலா


திருப்புல்லாணி,
20.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

மழையால் உக்கிரபாண்டி அண்ணன் மூன்று நாளாக வரவில்லை. இன்று வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கிறார். அவசரமாக எழுதுகிறேன்.

குட்டியை டாக்டரிடம் காட்டினோம். இதயத்தில் ஓட்டை இருந்தாலும் இப்படிக் கருக்கும், மதுரைக்குப் போய் ஸ்கேன் எடுங்கள் என்றார். வெள்ளிக்கிழமை போகிறோம். அதுவரை எப்படி இருப்பது? நேற்றிலிருந்து அவன் அழுகை சின்னதாகிவிட்டது. வாயைத் திறக்கிறான், சத்தம் வருவதில்லை. நகக்கண் எல்லாம் நாவல்பழம் தின்ற பிள்ளையின் நாக்கு மாதிரி இருக்கிறது. ராத்திரி பகல் தெரியாமல் மூக்கில் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

மாமா ஒரு வாய் சோறு சாப்பிடுவதில்லை. மழையிலும் குடத்தோடு கிணற்றுக்குப் போய், குட்டிக்கென்று தனியாகத் தண்ணீர் கொண்டுவருகிறார். அத்தை இன்னும் அதிக நேரம் கொதிக்கவைக்கிறார்.

கேட்ட தண்ணீர் அனுப்பியிருக்கிறேன். நீ இரண்டு கேட்டாய், மூன்று பாட்டில் வைத்திருக்கிறேன். மூன்றாவதில் குட்டிக்குக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் இருக்கிறது. அதைவிடச் சுத்தமான தண்ணீர் இந்த வீட்டில் கிடையாது. மீனுக்கும் அதையே ஊற்றினால் பிழைக்குமா என்று பார்த்துச் சொல். மீன் பிழைக்கவேண்டும் அக்கா. இப்போது தொட்டியில் ஒன்றுமே இல்லை.

செத்த மீனை எடுத்துப் போட்ட அன்றே செவுளைப் பார்த்தேன். சிவப்பு இல்லை. காப்பி நிறம்.

நாகு


உக்கிரபாண்டி வேனில்,
21.11.2024, பகல் இரண்டு மணி

நாகு,

வண்டி ஆடுகிறது, எழுத்து கோணும். முழுக்கப் படி. படித்ததும் முதல் பக்கத்தை மட்டும் மாமாவிடம் கொடு, இரண்டாம் பக்கம் உனக்கு.

குட்டிக்குக் கொடுக்கும் தண்ணீரை இந்த நிமிடமே நிறுத்து. ஒரு சொட்டு வேண்டாம். கிணற்றுத் தண்ணீரில் நைட்ரேட் என்ற உப்பு இறங்கியிருக்கிறது. யூரியா போட்ட காட்டிலிருந்து மழையோடு இறங்கும். நாக்குக்குத் தெரியாது, தண்ணீர் இனிப்பாகவே இருக்கும். பெரியவர்கள் குடித்தால் உடனே ஒன்றும் தெரியாது. புட்டிப்பால் குடிக்கிற சின்னக் குழந்தைக்கு அது ரத்தத்தைக் கெடுத்துவிடும். ரத்தம் காற்றை எடுத்துக்கொள்ளாது. உதடும் நகமும் நீலமாவது அதனால்தான் இருக்கவேண்டும்.

சோதனையில் தண்ணீர் மஞ்சளாக இருந்தால் நல்லது, சிவந்தால் ஆபத்து. மீனே படாத உன் கிணற்றுத் தண்ணீர், பெட்டியோடு வந்த நிற அட்டையிலுள்ள கடைசிச் சிவப்புக்குப் போனது. நல்ல தண்ணீர் நாலு பங்கு கலந்து மறுபடி பார்த்தேன், அப்போதும் சிவப்பு. மூன்றாவது பாட்டில் அதைவிடச் சிவப்பு. கொதிக்கவைத்தால் கிருமிதான் சாகும், இது சாகாது. தண்ணீர் ஆவியாகப் போகும், உப்பு அப்படியே தங்கும். பாதியாகச் சுண்டினால் இரண்டு மடங்கு. நீங்கள் கவனமாக இருக்க இருக்க அவனுக்குக் கூடிக்கொண்டே போயிருக்கிறது.

என் கடைக்கு வரும் குழந்தை டாக்டரிடம் ஓடினேன். "வெள்ளிக்கிழமை வரை வேண்டாம், இப்போதே தூக்கி வாருங்கள், மருந்து இருக்கிறது" என்றார். வார்டில் சொல்லிவைத்திருக்கிறார்.

இன்னொன்று. அந்த மருந்தும் நீல மருந்துதான். பெயரும் ஒன்றுதான். நான் மீனுக்கு அனுப்பிய புட்டியை யாரும் தொடக்கூடாது. அது மீனுக்கானது, குழந்தைக்குக் கொடுத்தால் ஆபத்து. டாக்டர் கொடுப்பது வேறு, அளவு வேறு. அந்தப் புட்டியை எடுத்து இப்போதே ஒளித்து வை. எனக்கு வழியெல்லாம் அந்தப் புட்டி பயம்தான்.

மாமா போனுக்கு நாலு தடவை அடித்தேன். என் குரல் கேட்டதும் வைத்துவிட்டார், பிறகு எடுக்கவே இல்லை. மாப்பிள்ளையும் எடுக்கவில்லை. அந்தக் கிணற்றை ஒருதரம் சபையில் அவமானப்படுத்தியவள் நான். இந்தச் செய்தியை நான் சொன்னால் அவர் நம்பமாட்டார். வஞ்சம் என்றுதான் நினைப்பார். அதனால் என் பெயரைச் சொல்லாதே. மீன் கடைக்காரர் எழுதினார் என்று மட்டும் சொல். பாண்டி நடந்துவந்து இதைக் கொடுப்பான். நான் ஊர் முனையில் வேனுக்குள் இருக்கிறேன். வாசலில் வந்து நின்றால் சண்டை வரும், சண்டைக்கு நேரமில்லை.

கால்மணி நேரம் பார்ப்பேன். வரவில்லை என்றால் என்னை வெட்டினாலும் சரி, உள்ளே வந்து தூக்கிக்கொண்டு போவேன்.

கோகிலா


திருப்புல்லாணி,
30.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

குட்டி நன்றாக இருக்கிறான். நேற்று வீட்டுக்கு வந்தோம். கடையில் வாங்கும் தண்ணீரில்தான் பால். உதடு சிவப்பாக இருக்கிறது. அவன் உதடு இவ்வளவு சிவப்பு என்று எனக்கு இதுவரை தெரியவே தெரியாது.

நீ வார்டு வாசலிலிருந்து சொல்லாமல் போய்விட்டாய். அதனால் உனக்குத் தெரியாததை எழுதுகிறேன். உன் கடிதத்தின் முதல் பக்கத்தை மாமா நின்றுகொண்டே படித்தார். "யாரு எழுதுனது?" என்றார். மீன் கடைக்காரங்க என்றேன். மறுபடி படித்தார். "கொதிக்க வச்சா கூடுமா?" என்று அத்தையைப் பார்த்துக் கேட்டார், அத்தைக்கு என்ன தெரியும். பிறகு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "உங்கக்கா வண்டி எங்கன நிக்கிது?" என்றார். அவருக்கு முதல் வரியிலேயே தெரிந்திருக்கிறது.

வார்டில் ரத்தம் எடுத்தார்கள். ஊசிக்குள் காப்பி டிகாஷன் மாதிரி வந்தது. டாக்டர் ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விட்டு வீசி வீசிப் பார்த்தார். காற்று பட்டால் சிவக்கவேண்டுமாம். சிவக்கவில்லை. அந்தத் தாளை மாமா பார்த்துக்கொண்டே நின்றார். நீல மருந்தை ஊசியில் மெதுவாக ஏற்றினார்கள், உன் புட்டி நிறம். ஒரு மணி நேரத்தில் நகம் வெளுத்து, பிறகு சிவந்தது. மறுநாள் பச்சையாக மூத்திரம் போனான். அத்தை போட்ட கூச்சலில் வார்டே எழுந்துவிட்டது. மருந்து அப்படித்தான் வெளியே போகும் என்று நர்ஸ் சிரித்தார். நானும் சிரித்தேன். பத்து நாளில் முதல் சிரிப்பு.

ஆனால் பயம் போகவில்லை அக்கா. அது இப்போது எதிர்வீட்டுக்குப் போய்விட்டது. ஜோதிகாவுக்கு இது எட்டாம் மாதம். அந்த வீட்டில் நம் கிணற்றுத் தண்ணீர்தான். முதல் குழந்தைக்கும் புட்டிப்பால்தான். மாமா தினமும் இரண்டு குடம் கொண்டுபோய்க் கொடுத்த தண்ணீர்தான்.

மாமா மோட்டார் அறையைப் பூட்டிவிட்டு அதன் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறார். இதுவரை யார் யார் வீட்டுக்குக் கொண்டுபோனார் என்று விரல்விட்டு எண்ணுகிறார். பதினேழு வீடு. மற்ற வீட்டுப் பிள்ளைகள் தாய்ப்பால் குடித்து வளர்ந்தவை, ஓடி விளையாடுகின்றன. நேற்றுக் காப்பி கொண்டுபோனபோது என்னைப் பார்த்து, "அந்தப் புள்ளைக்கும் நாந்தானத்தா கொண்டுபோயிக் குடுத்தேன்" என்றார். காப்பியை அவர் கையில் வைத்துவிட்டு வந்தேன்.

"மோட்டாரு ரிப்பேருன்னு சொல்லிருவோம், அவ வேற தண்ணி வாங்கிக்கிருவா" என்கிறார் அத்தை. நிறைமாதக்காரியிடம் இதைச் சொன்னால் அவளுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயப்படுகிறார். சொல்லவேண்டுமா அக்கா?

நாகு


ராமநாதபுரம்,
2.12.2024

நாகு,

பச்சை மூத்திரத்தைப் படித்துவிட்டுக் கடையில் தனியாகச் சிரித்தேன். பிறகு உன் கடைசி வரி.

அதற்கு முன் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். உதடு கருக்கிறது, தண்ணீரைச் சுண்டக் காய்ச்சுகிறோம் என்று பதின்மூன்றாம் தேதிக் கடிதத்திலேயே எழுதியிருந்தாய். நான் இரண்டு பக்கம் மோலியைப் பற்றி எழுதிவிட்டு, கடைசியில் ஒரு வரி குட்டியைப் பற்றி எழுதினேன். மீன் ஏன் செத்தது என்பதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது. நீ மூன்றாவது பாட்டிலை வைக்காமல் இருந்திருந்தால்? வார்டிலிருந்து ஓடிவந்ததும் அதனால்தான். உன் மாமனார் எனக்குக் கும்பிடு போட்டுவிடுவாரோ என்று பயந்தேன்.

ஜோதிகாவின் குழந்தை அந்தத் தண்ணீரால்தான் போனது என்று எனக்கு உறுதியாகத் தெரியாது. இனி எந்த டாக்டராலும் சொல்லமுடியாது. போன வருடம் அந்தக் கிணறு எப்படி இருந்தது என்று யார் பார்த்தார்கள்? ஆனால் மோட்டார் ரிப்பேர் என்று மட்டும் சொல்லவேண்டாம். நாளைக்கே அவள் புருஷன் ஆளைக் கூட்டிவந்து மோட்டாரைச் சரிபண்ணிக் கொடுத்துவிடுவான். ஏன் குடிக்கக்கூடாது என்று தெரியாதவள் மறுபடி குடிப்பாள், புட்டியில் கரைப்பாள். தை மாதம் அந்த வீட்டில் ஒரு குழந்தை இருக்கும்.

சொல்லித்தான் ஆகவேண்டும். யார் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. வேண்டுமானால் நான் வந்து சொல்கிறேன்.

என் பெட்டி மீனுக்கான பெட்டி. அதை மட்டும் நம்பாமல், அரசாங்கத் தண்ணீர் சோதனைக் கூடத்துக்கும் ஒரு பாட்டில் அனுப்பச் சொல். ஐந்து மோலி அனுப்பியிருக்கிறேன், கேன் தண்ணீரில் சோற்றுக்குப் போடுகிற அளவு உப்பு போட்டு விடு. அத்தைக்கு ஆறுதலாக இருக்கும்.

கோகிலா


திருப்புல்லாணி,
8.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

மாமாவே போனார்.

உன் கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டினேன். இரண்டாம் நாள் காலையில் மொபெட்டில் குடத்தைக் கட்டவில்லை, கடையில் வாங்கிய இருபது லிட்டர் கேனைக் கட்டினார். எதிர்வீட்டுக்கு எதற்கு மொபெட் என்று யாரும் கேட்கவில்லை. நான் குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஜன்னலில் நின்றேன்.

ஜோதிகா கேனைப் பார்த்து, "என்ன பெரியப்பா, கெணத்துத் தண்ணி இல்லையா?" என்று சிரித்தாள். அவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். "கெணத்துல யூரியா எறங்கியிருக்குத்தா. பச்சப்புள்ளைக்கு ஆகாதாம். நம்ம குட்டிக்கு அதுலதான் வந்துச்சாம்." அவள், "எப்ப இருந்து?" என்றாள். தெரியவில்லை என்றார். "போன வருசமுமா?" என்றாள். மாமா கையிலிருந்த துண்டை மடித்தார், பிரித்தார். மழைத்தண்ணீர் கூரையிலிருந்து சொட்டுகிற சத்தம் எனக்குக் கேட்டது. "இருந்திருக்கும்த்தா" என்றார். "நாந்தான் கொண்டாந்தேன்."

அவள் கேனை இழுத்தாள். மாமா தூக்கக் குனிந்தபோது, "வேணாம்" என்றாள். அந்த வயிற்றோடு தானே இழுத்து உள்ளே வைத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

இரண்டு நாள் அந்தக் கதவு திறக்கவில்லை. அவள் புருஷன் தேவகோட்டை வேலைக்குப் போனவன் வரவில்லை. அத்தை எட்டிப் பார்த்துவிட்டு வந்து வந்து என்னைத் திட்டினார், "சொல்லாமயிருந்திருக்கலாம், சொல்லாமயிருந்திருக்கலாம்" என்று. அடுப்பில் புகை இல்லை. நான் போய்க் கதவைத் தட்டினேன், "தூங்குறேன்" என்று மட்டும் குரல் வந்தது. என் குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொரு தரம் தட்ட எனக்குத் தைரியம் வரவில்லை. மாமா சாப்பிடவில்லை. ஒரே ஒரு தரம், "உங்கக்கா அன்னிக்கே குடிக்க மாட்டேன்னுச்சு" என்றார். பிறகு என் போனைக் கொண்டுவந்து மடியில் வைத்துவிட்டுப் போனார். அதைக் கையில் வைத்துக்கொண்டேதான் இதை எழுதுகிறேன். உன் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன், முதலில் இதை எழுதி முடித்துவிடுகிறேன்.

மோலி ஐந்தும் உயிரோடு இருக்கின்றன. ஒன்று வயிறு பெருத்திருக்கிறது. குட்டிக்கு வந்ததை முன்னாடி போன மீன்கள்தான் வாங்கிக்கொண்டன என்று அத்தை இன்னும் சொல்கிறார். நான் இப்போது மறுப்பதில்லை. அந்தப் பதினைந்தும் சாகாமல் இருந்திருந்தால் நான் உனக்கு எழுதியிருப்பேனா?

இன்று காலை மாமா இன்னொரு கேனைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். "வேணாங்க, அவ மூஞ்சில முழிக்காதீக" என்று அத்தை கையைப் பிடித்தார். அவர் போனார். நான் ஜன்னலுக்கு ஓடினேன். கதவு சாத்தித்தான் இருந்தது. ஆனால் வாசற்படியில், அவர் கண்ணில் படுகிற இடத்தில், தண்ணீர் தீர்ந்த அந்தப் பழைய கேனைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள்.

உன் தங்கை,
நாகு